குளிர்காலத்தில் அலாட்மெண்ட் நிலத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

ஈரமண் | நவம்பர் 9

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்கே ஹாரோ பகுதியில் பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு, கடந்த மே மாதம் எனக்கு அரை அலாட்மெண்ட் (காய்கறி பயிரிடக் குத்தகைக்குத் தரும் தோட்ட நிலம்) கிடைத்தது. 'போல்' (pole) என்ற பழைய நில அளவில் ஐந்து, அதாவது ஏறத்தாழ 125 சதுர மீட்டர் நிலம். கோடையில் முளைக்கீரையும் பூசணியும் போஞ்சியும் (பீன்ஸ்) உருளைக்கிழங்கும் நன்றாகவே வந்தன. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதிலிருந்து நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து போக வழியில்லாததால் சனி, ஞாயிறு மட்டுமே கைக்கு வருகின்றன.

சென்ற வாரம் முதல் உறைபனி விழுந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது, முதல் நாள் வரை செழித்து நின்ற கீரைப் பாத்தி முழுவதும் வெந்நீர் ஊற்றியதைப் போல் கறுத்துத் துவண்டு கிடந்தது. செத்த செடிகளைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் கொத்தலாம் என்று மண்வெட்டியோடு இறங்கினேன். பத்து அடி நடப்பதற்குள் இரண்டு பூட்ஸிலும் கால் படி அளவுக்குக் களிமண் அப்பிக்கொண்டது. மண்வெட்டியை இழுத்தால் மண் கட்டியாகப் பெயர்கிறதே தவிர உதிரவில்லை.

பக்கத்துக் குதிரை லாயம் ஒன்றிலிருந்து இலவசமாகக் கொடுத்த எருவைத் தள்ளுவண்டியில் முப்பது நடை அடித்து, பாதையோரம் குவித்து வைத்திருக்கிறேன். அதை இப்போதே பரப்பிக் கொத்திவிடலாமா? வெறுமனே விட்டால், நிலத்தைப் பயிரிடாமல் போட்டிருக்கிறேன் என்று கடிதம் வருமோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய பாத்தி | நவம்பர் 9

தம்பி, முதலில் மண்ணை விட்டு வெளியே வாருங்கள். ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் இருபது ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். என் நிலமும் களிமண்தான். நான் செய்த தவறுகளில் ஆறுவதற்கு அதிக காலம் எடுத்தது, ஈர மண்ணை மிதித்ததுதான்.

ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். கொழுக்கட்டை மாவைப் போல் உருண்டு, விரலால் அழுத்தினால் பிளக்காமல் நசுங்கினால், அன்று அந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது. களிமண்ணின் துகள்கள் மிகவும் நுண்ணியவை. அவற்றுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளில்தான் காற்று தங்குகிறது, மழைநீர் இறங்குகிறது, மண்புழு நடமாடுகிறது. ஈரமாக இருக்கும்போது ஓர் ஆளின் எடை அந்த இடைவெளிகளை மூடிவிடும். பிறகு நீர் வடியாமல் தேங்கும், தேங்கிய நீரால் வேர் அழுகும், வெயில் வந்ததும் அதே இடம் செங்கல்லாக இறுகும். நவம்பரில் ஒரு நாள் அவசரப்பட்டு மிதித்த பாத்தியில், அடுத்த ஜூலையில் கரட் இரண்டு விரல் நீளத்துக்கு மேல் இறங்காததை நானே கண்டிருக்கிறேன்.

கட்டாயம் உள்ளே போக வேண்டுமானால் பழைய சாரப் பலகை இரண்டு வாங்கிப் பாத்தியில் போட்டு, அதன் மேல் நின்று வேலை செய்யுங்கள். எடை பரவிவிடும்.

செத்த கீரையை வேரோடு பிடுங்காமல் மண் மட்டத்தில் அறுத்து எடுங்கள். வேர் மண்ணுக்குள் மக்கி, நீர் இறங்க வழி செய்யும். பிறகு கொத்தாமலே நிலத்தை மூடுங்கள். திறந்து கிடக்கும் மண்ணில் மழைத்துளி விழுந்து விழுந்து மேற்பரப்பு சாந்து பூசியது போல் ஆகிவிடும். பயிர் இல்லாத நிலத்திலிருந்து தழைச்சத்தும் மழையோடு கரைந்து கீழே போய்விடும். பிளாஸ்டிக் நாடா ஒட்டாத பழுப்பு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியும்படி விரித்து, மக்கிய கம்போஸ்ட்டை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினால் போதும். கம்போஸ்ட் இல்லாத பகுதிக்கு நெய்த கறுப்பு விரிப்பைப் போட்டுச் செங்கல் வைத்துவிடுங்கள். பழைய தரைக்கம்பளத்தை மட்டும் தயவுசெய்து கொண்டு போகாதீர்கள். பல இடங்களில் விதிகளே அதைத் தடை செய்கின்றன. அதன் இழைகள் மக்காமல் மண்ணோடு பின்னிக்கொண்டு, அடுத்து வருபவரின் மண்வெட்டியில்தான் சிக்கும்.

வடக்குக் காற்று | நவம்பர் 10

பழைய பாத்தி அக்கா சொன்னவற்றில் மிதிக்கக் கூடாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். கொத்தவே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் லீட்ஸில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்திலுள்ள ஆங்கிலேய முதியவர்கள் அக்டோபரிலேயே களிமண்ணைப் பெரிய கட்டிகளாகப் புரட்டி, உடைக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். கட்டிக்குள் இருக்கும் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது. உறைந்தும் உருகியும் மாறி மாறி நடக்கும்போது கட்டி தானாகவே உள்ளிருந்து வெடித்துப் பிளக்கிறது. மார்ச்சில் வாரியால் தட்டினாலே பொலபொலவென்று உதிர்வதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக வந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது.

பழைய பாத்தி | நவம்பர் 10

நீங்கள் சொல்வது உங்கள் ஊருக்குச் சரியாக இருக்கலாம். அந்த முறைக்கு நீண்ட, உறுதியான உறைபனி தேவை. 2010 டிசம்பர் மாதிரி நாடே வாரக்கணக்கில் உறைந்து கிடந்தால், கட்டி உடையும். லண்டனில் பெரும்பாலான குளிர்காலங்களில் இரண்டு இரவு லேசாக உறையும், பிறகு பத்து நாள் மழை பெய்யும். புரட்டிய கட்டிகள் உடைவதற்குப் பதிலாக மழையில் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சாமர்செட்டில் சார்லஸ் டவ்டிங் பல ஆண்டுகளாகக் கொத்தாமல் மேலே கம்போஸ்ட் மட்டும் போட்டுப் பயிர் செய்து வருவதைப் பார்த்துத்தான் நான் மாறினேன். முதல் ஆண்டில் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் ஆண்டில், பிப்ரவரி மழைக்கு மறுநாளும் பாத்தியில் நீர் நிற்காததைக் கண்ட பிறகு நம்பினேன்.

எப்படியானாலும் தம்பியின் மண் இப்போது நனைந்துவிட்டது. கொத்த விரும்புபவரும் அக்டோபரில், மண் ஓரளவு உலர்வாக இருக்கும்போதுதான் கொத்த வேண்டும். இந்த ஆண்டுக்கு அந்த நாள் போய்விட்டது.

வடக்குக் காற்று | நவம்பர் 10

அதை ஒப்புக்கொள்கிறேன், அக்கா. நனைந்த களிமண்ணைக் கொத்தச் சொல்லி யாருக்கும் நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

சங்கச் செயலர் | நவம்பர் 12

சர்ரே மாவட்டத்தில் ஓர் அலாட்மெண்ட் சங்கத்தின் செயலராக இருப்பதால் இரண்டு மூன்று விடயங்களைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது, அந்த எரு. தயவுசெய்து அதை இப்போது எங்கும் பரப்பாதீர்கள். மேய்ச்சல் நிலங்களில் முட்செடிகளையும் அகன்ற இலைக் களைகளையும் அழிக்க அமினோபைராலிட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கிறார்கள். அது புல்லுக்குத் தீங்கு செய்வதில்லை, அந்தப் புல்லைத் தின்ற குதிரைக்கும் ஒன்றும் ஆவதில்லை, குதிரையின் வயிற்றிலும் அது சிதைவதில்லை. சாணத்தோடு அப்படியே வெளியே வந்து, எருக்குவியலில் நீண்ட காலம் கிடந்து, அதைப் போட்ட நிலத்தில் போஞ்சி, பட்டாணி, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றை முறுக்கிச் சுருட்டிவிடும். 2008ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அலாட்மெண்டுகளில் இந்தச் சேதம் ஏற்பட்டு, அந்த மருந்தின் அனுமதியையே சிறிது காலம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதித்தார்கள். எரு கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் வைக்கோலையும் உலர்புல்லையும் வெளியிலிருந்து வாங்கியிருந்தால், அதில் என்ன தெளித்தார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

சோதித்துப் பார்ப்பது எளிது. குவியலின் நான்கைந்து வெவ்வேறு இடங்களிலிருந்து எருவை எடுத்து, கடையில் வாங்கிய தொட்டிமண்ணோடு சரிபாதி கலந்து சில தொட்டிகளை நிரப்புங்கள். வேறு சில தொட்டிகளில் தொட்டிமண்ணை மட்டும் போடுங்கள். எல்லாவற்றிலும் புரோட் பீன்ஸ் விதைகளை ஊன்றி, வீட்டுக்குள் வெளிச்சமான சன்னலோரம் வையுங்கள். ஒன்றிலிருந்து வடியும் நீர் மற்றதில் சேராதபடி தனித்தனித் தட்டுகள் இருக்க வேண்டும். மூன்று நான்கு இலைகள் விரியும் வரை பொறுத்திருந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கடிதம் பற்றிய பயம். குளிர்காலத்தில் பயிர் நிற்க வேண்டும் என்று எந்தக் குழுவும் எதிர்பார்ப்பதில்லை. களை அறுத்து, நிலம் மூடி, பாதை ஒழுங்காக இருந்தால், அது பராமரிக்கப்படும் நிலம்தான் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். இங்கிலாந்தின் சட்டமே பயிர்க்காலத்தை மதித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1950இல் திருத்தப்பட்டவாறு, தவறு எதுவும் செய்யாத குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு வெளியேறச் சொல்வதற்குப் பொதுவாக 12 மாத அறிவிப்பு தர வேண்டும். அந்த அறிவிப்பு ஏப்ரல் 6க்குள் அல்லது செப்டெம்பர் 29இலோ அதற்குப் பிறகோ முடிய வேண்டும். விளைந்து நிற்கும் பயிரை விட்டுவிட்டு ஒருவர் போகும்படி ஆகக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஒப்பந்த விதிகளை மீறினால் நிலைமை வேறு. ஆகவே கையெழுத்திட்ட தாளை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். உடல்நலக் குறைவாலோ வேலையாலோ போக முடியாவிட்டால், கடிதம் வருவதற்கு முன்பே செயலருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நாங்கள் கேட்பதெல்லாம் அந்த ஒரு வரிதான்.

மூன்றாவது, குழாய் வெடிக்காமலிருக்கப் பல இடங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஷெட் கூரையிலிருந்து பீப்பாயில் நீர் பிடித்துக்கொள்ளுங்கள். குப்பையைக் கொளுத்த உங்கள் தோட்டத்தில் அனுமதி இருந்தால், குவியலை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு பற்ற வையுங்கள். முள்ளெலிகள் இந்த மாதத்தில் அதற்குள்தான் ஒடுங்கி உறங்கும்.

கறிவேப்பிலைக் கன்று | நவம்பர் 15

மிகவும் பயனுள்ள உரையாடல். நான் கிராய்டனில் இருக்கிறேன். குளிர்காலத்தில் நிலத்தை மூடி வைப்பது சரி. அறுத்துச் சமைக்க ஏதாவது நிற்கும்படி செய்ய முடியாதா? ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெறுங்கையோடு திரும்புவது மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய பாத்தி | நவம்பர் 16

முடியும், தங்கை. இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். லண்டனில் அக்டோபர் கடைசி வாரத்திலேயே பகல் 10 மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது. டிசம்பர் 21 வாக்கில் எட்டு மணி நேரம்கூட இல்லை. பிப்ரவரி நடுவில்தான் மீண்டும் 10 மணி நேரத்தைத் தொடுகிறது. இந்த மூன்றரை மாதமும் எந்தச் செடியும் வளராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் தை மாதத்தில் விதைத்தால் முளைக்கும், வளரும். இங்கே குளிர்காலக் காய்கறி என்றால், கோடையிலேயே வளர்ந்து முடிந்து, குளிரில் நிலத்திலேயே நின்றபடி நமக்காகக் காத்திருப்பது என்று பொருள். நிலம்தான் அதற்குக் குளிர்சாதனப் பெட்டி.

அந்த வகையில் லீக்ஸ், கேல் கீரை, சவோய் கோவா (முட்டைக்கோஸ்), தண்டில் குட்டிக் கோவாக்களாகக் காய்க்கும் பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ், கரட் போன்ற வெள்ளைக் கிழங்கான பார்ஸ்னிப் ஆகிய ஐந்தும் நம்பத்தக்கவை. பார்ஸ்னிப் உறைபனி கண்ட பிறகுதான் ருசிக்கும். குளிரைத் தாங்குவதற்காக அது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. நான் அதை நீளவாக்கில் வெட்டி, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துப் பிரட்டல் வைப்பேன். வீட்டில் பிள்ளைகள் உருளைக்கிழங்கைவிட அதைத்தான் கேட்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம். நிலம் ஆழமாக உறைந்துவிட்டால் லீக்ஸையும் பார்ஸ்னிப்பையும் தோண்ட முடியாது, இழுத்தால் முறிந்து கையோடு வரும். கடுங்குளிர் வரப்போகிறது என்று வானிலை அறிக்கையில் கேட்டவுடன், ஒரு வாரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே தோண்டி வீட்டில் ஒரு வாளி மண்ணில் புதைத்து வையுங்கள்.

நம் கீரைகளில் முளைக்கீரை முதல் பனியிலேயே போய்விடும். கொத்தமல்லி அப்படியல்ல. செப்டெம்பரில் விதைத்து, குளிரிலிருந்து காக்கும் மெல்லிய ஃபிளீஸ் துணியை மேலே போட்டால் டிசம்பரிலும் ரசத்துக்குக் கிள்ளலாம்.

இப்போது ஊன்றுவதற்கும் இரண்டு பயிர்கள் உண்டு. உள்ளியை (பூண்டை) பற்களாகப் பிரித்து, 15 சென்டிமீட்டர் இடைவெளியில், கூர்முனை மேலே இருக்கும்படி இந்த மாதத்துக்குள் ஊன்றிவிடுங்கள். ஓரிரு மாதம் நல்ல குளிர் பட்டால்தான் அது பற்களாகப் பிரியும். மார்ச்சில் ஊன்றினால் ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடக்கூடும். மற்றது புரோட் பீன்ஸ். அக்வாடுல்சே கிளாடியா என்ற பழைய ரகம் நவம்பரில் ஊன்றவே ஏற்றது. ஈரக் களிமண்ணில் விதை அழுகும் என்று தோன்றினால், பாத்தியைச் சற்று உயர்த்தி ஊன்றுங்கள். சிறு தொட்டிகளில் முளைக்க வைத்து நடுவதும் நல்லதுதான்.

கேலுக்கும் கோவாவுக்கும் குளிரைவிடப் பெரிய பகை காட்டுப்புறாக்கள். மற்ற தீனி குறைந்ததும் கூட்டமாக இறங்கி, நடு நரம்பை மட்டும் விட்டுவிட்டு இலை முழுவதையும் கொத்தித் தின்றுவிடும். இலையின் மேல் படாதபடி உயரமாக வலை கட்டுங்கள். வலை இலையைத் தொட்டால் புறா அதன் மேலேயே உட்கார்ந்து தின்னும்.

உங்கள் பெயரிலுள்ள கறிவேப்பிலைக்கும் ஒரு வார்த்தை. வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போவதற்குள் அதை உள்ளே எடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் அது இலை உதிர்த்தால் அஞ்சித் தண்ணீரை ஊற்றாதீர்கள். உறங்கும் செடிக்கு ஊற்றும் நீர் வேரைத்தான் அழுகச் செய்யும்.

வடக்குக் காற்று | நவம்பர் 18

வலையைப் பற்றி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனி பெய்தவுடன் போய் வலையைத் தட்டிவிட வேண்டும். ஈரப்பனி வலைக்கண்களில் ஒட்டித் தேங்கி, கம்பி வளைவுகளை அப்படியே தரையோடு அமுக்கிவிடும். ஓர் இரவில் எனக்கு முழுக் கூடும் மடிந்து, உள்ளே நின்ற ஸ்பிரவுட்ஸ் தண்டுகள் முறிந்தன. உயரமான தண்டுகளுக்குக் காலால் நன்றாக மண் அணைத்துக் கழியோடு கட்டுங்கள். காற்றில் ஆடி ஆடி வேர் தளர்ந்துவிட்டால் காய்கள் இறுகாமல் விரிந்துபோகும்.

எங்கள் பகுதியின் பெருமையான, புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் ரூபார்ப் செடியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட நிலத்தை ரூபார்ப் முக்கோணம் என்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் வெளியில் வளர்ந்த கிழங்குகளை, உறைபனி பட்ட பிறகு தோண்டி எடுத்து, வெளிச்சமே புகாத கொட்டகைக்குள் வைப்பார்கள். வெளிச்சத்தைத் தேடி அவை இளஞ்சிவப்புத் தண்டுகளாக வேகமாக நீளும். அறுவடையை இன்றும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் செய்கிறார்கள். 2010இல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பும் கிடைத்தது. நாம் இதைச் சிறிய அளவில் செய்யலாம். நன்கு வேரூன்றிய செடியின் மேல் ஜனவரியில் சிறிது வைக்கோல் போட்டு, வெளிச்சம் புகாத பெரிய வாளியைக் கவிழ்த்துக் கல் வைத்துவிட்டால், எட்டு வாரத்தில் பறிக்கலாம். வேறு எதுவுமே விளையாத காலத்தில் புளிப்பும் நிறமுமாகக் கிடைக்கும் அந்தத் தண்டைப் பச்சடிக்குப் போட்டால் மாங்காய் நினைவுக்கு வரும். இலையை மட்டும் உண்ணக் கூடாது, அது நஞ்சு. ஈரமண், உங்களுடையது புதுச் செடியானால் இந்த ஆண்டு மூட வேண்டாம். கிழங்கு இளைத்துவிடும்.

ஈரமண் | டிசம்பர் 29

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். இரண்டு சாரப் பலகைகளும், சைக்கிள் கடையிலிருந்து பெரிய அட்டைப் பெட்டிகளும் கிடைத்தன. நிலத்தில் முக்கால் பங்கை மூடிவிட்டேன். நவம்பர் 22இல் உள்ளிப் பற்கள் அறுபதை ஊன்றினேன். பறவைகள் சிலவற்றைப் பிடுங்கிப் போட்டிருந்தன, மறுபடி ஊன்றினேன். நேற்று அட்டைக்கு இடையில் குனிந்து பார்த்தபோது ஐந்தாறு இடங்களில் ஊசி முனை அளவுக்குப் பச்சை தெரிந்தது. சட்டையெல்லாம் நனைந்தும் சிறிது நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

எருச் சோதனைக்காகப் பத்துத் தொட்டிகளைச் சமையலறைச் சன்னலில் வைத்திருக்கிறேன். ஐந்தில் எருக்கலவை, ஐந்தில் வெறும் தொட்டிமண். டிசம்பர் 14இல் ஊன்றினேன். இன்னும் முளைக்கவில்லை.

ஒன்றை மனம் திறந்து கேட்கிறேன். கோடையில் பக்கத்துப் பாத்திக்காரர்கள் எல்லோரும் பேசுவார்கள். இப்போது போனால் ஆள் நடமாட்டமே இல்லை. மற்றவர்கள் இந்த மாதங்களை எப்படிக் கடக்கிறீர்கள்?

சங்கச் செயலர் | டிசம்பர் 30

ஜனவரி முழுவதும் நானும் அப்படித்தான் உணர்கிறேன். எங்கள் தோட்டத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலையில் வேலி பழுது பார்ப்பது, வடிகால் தோண்டுவது போன்ற பொது வேலைகளை வைத்துக்கொள்கிறோம். ஃபிளாஸ்கில் தேநீரோடு எட்டுப் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். உங்கள் தோட்டத்தில் அப்படி இல்லையென்றால், அறிவிப்புப் பலகையில் நீங்களே ஒரு தாளை ஒட்டிப் பாருங்கள். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பல ஊர்களில் உருளைக்கிழங்கு நாள் நடக்கும். விதைக்கிழங்குகளை ஒன்றிரண்டாகக்கூட எண்ணி வாங்கலாம். வாங்கி வந்து முட்டை அட்டையில், கண்கள் அதிகமுள்ள முனை மேலே இருக்கும்படி குளிர்ந்த வெளிச்சமான இடத்தில் அடுக்கி வையுங்கள்.

ஈரமண் | பிப்ரவரி 2

சோதனையின் முடிவு வந்துவிட்டது. வெறும் தொட்டிமண்ணில் முளைத்த ஐந்து செடிகளும் நேராக நிமிர்ந்து, தட்டையான அகன்ற இலைகளோடு நிற்கின்றன. எருக்கலவையில் முளைத்தவற்றில் நான்கின் குருத்து, பெரணித் தளிரைப் போல் உள்நோக்கிச் சுருண்டிருக்கிறது. இலைகளின் விளிம்பு கிண்ணம் போல் குவிந்து, நரம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, தண்டும் முறுக்கியிருக்கிறது. ஐந்தாவது செடி மட்டும் ஓரளவு நன்றாக இருக்கிறது. முப்பது நடை எருவையும் நவம்பரிலேயே பரப்பியிருப்பேன் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. செயலர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இனி இந்தக் குவியலை என்ன செய்வது?

சங்கச் செயலர் | பிப்ரவரி 2

அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், கம்போஸ்ட் தொட்டியிலும் சேர்க்காதீர்கள். குவியலாகவே கிடந்தால் அந்த மருந்து எளிதில் சிதையாது. கொடுத்தவரிடம் செடிகளைக் காட்டிப் பேசுங்கள். புல் நிலத்தில் பரப்பினால் அது தீங்கு செய்யாது, ஆகவே திருப்பி எடுத்துக்கொண்டு தம் மேய்ச்சல் நிலத்திலேயே அவர்கள் பரப்பிவிடலாம். உங்கள் தோட்டத்தில் அதே எருவை வேறு யார் வாங்கினார்கள் என்று இன்றே விசாரியுங்கள்.

ஈரமண் | பிப்ரவரி 8

லாயத்தில் பேசினேன். உலர்புல்லை வெளியிலிருந்துதான் வாங்கினார்களாம், அவர்களுக்கும் இது தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை டிரெய்லரோடு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் இன்னும் இருவர் அதே எருவை வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் இன்னும் பரப்பவில்லை. மற்றவர் ஏற்கெனவே உருளைக்கிழங்குப் பாத்தியில் போட்டுவிட்டார். அவர் அங்கே இந்த ஆண்டு என்ன நடலாம்?

பழைய பாத்தி | பிப்ரவரி 8

அந்தப் பாத்தியில் உருளைக்கிழங்கு, போஞ்சி, தக்காளி எதுவும் வேண்டாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அந்த மருந்தைச் சிதைக்கும். ஆகவே மண் உலர்ந்த பிறகு எருவை நன்றாகக் கிளறிக் கலக்கச் சொல்லுங்கள், கோடையில் இன்னொரு முறையும் கிளறட்டும். சோளம் புல் இனம் என்பதால் தாங்கி வளரும். அதன் தட்டையைக் கம்போஸ்ட்டில் சேர்க்காமல் இருப்பது நல்லது. அடுத்த பிப்ரவரியில் அந்த மண்ணிலேயே மறுபடியும் நான்கு புரோட் பீன்ஸ் ஊன்றிப் பார்க்கட்டும்.

வடக்குக் காற்று | பிப்ரவரி 9

கொத்துவதற்கும் ஒரு வேலை வந்துவிட்டது, அக்கா. மண் உலரும் வரை அவரைப் பொறுக்கச் சொல்லுங்கள். இங்கே இன்று காலையிலும் நிலம் கல்லாக உறைந்து கிடக்கிறது.